ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கியவள்

அந்தப் பெண் தன் புருஷனின் முகத்தைவிடப் பிடரியைத்தான் அதிகம் பார்த்திருப்பாள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவன் பஸ் ஓட்டுகிறவன். அவள் அவனுக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரைச் சுற்றுகிறவள். இறங்க வேண்டிய இடம் என்று ஒன்றும் கிடையாது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண், வயிற்றில் பிள்ளையோடு, அப்படித்தான் குடித்தனம் நடத்தினாள்.

நான் அவர்களுக்குக் கீழ்மாடி. அதே பஸ்ஸில்தான் வேலைக்குப் போவேன். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பிரிவு. படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்கள் போடுகிற அங்கி எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, இஸ்திரி மெஷினில் ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் வாங்கி, மடித்து அடுக்கி மாடி மாடியாக அனுப்ப வேண்டும். இந்த நாட்டுக்காரர்கள் படுத்து எழுந்த விரிப்பை மடித்தே என் தோள்பட்டை தேய்ந்துவிட்டது. வாய் மட்டும் தேயவில்லை என்பார் என் வீட்டுக்காரர்.

அந்த வாயால்தான் அவள் என்னைக் கண்டுபிடித்தாள். எங்கள் கட்டடத்தில் எங்களைத் தவிர இன்னொரு தமிழ்க் குடும்பம் வந்திருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் குளியலறைக் குழாயைத் திறந்துபோட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா விடுவேனா? அவர் பரம்பரையில் ஒருத்தரையும் பாக்கி வைக்காமல் இழுத்து விட்டேன். பாதியில் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் ஒல்லியாக ஒரு பெண். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கதவைத் தட்டிவிட்டோமே என்று பயந்து போய் நிற்கிறாள்.

“அக்கா, நீங்க தமிழா?”

“நான் திட்டினது உனக்குப் புரிஞ்சுதா?”

“எல்லாம் புரிஞ்சுதுக்கா.”

“அப்ப தமிழ்தான். உள்ள வா.”

எனக்கு அவளுடைய அம்மாவின் வயசு இருக்கும். அக்கா என்றாளே, அதில் பாதி விழுந்துவிட்டேன். நான் கொடுத்த காபி ஆறி ஏடு கட்டுகிற வரைக்கும் அவள் பேசிக்கொண்டிருந்தாள். மூச்சு விட்டால் யாராவது நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்கிற மாதிரி ஒரு பேச்சு. அவன் இந்த ஊருக்கு முதலில் வந்து, லைசென்ஸ் வாங்கி, பஸ் கம்பெனியில் சேர்ந்து, லீவில் ஊருக்குப் போய்த் தாலி கட்டிவிட்டுத் திரும்பிவிட்டான். பிறகு இவளுக்கு விசா கிடைத்து வந்து சேர்ந்தாள். வந்த கொஞ்ச நாளில் வாந்தி. மூன்று மாதம் ஆகிறது என்று சொல்லும்போது மட்டும் சிரித்தாள். போகும்போது வாசலில் நின்று, “நாளைக்கும் வீட்ல இருப்பீங்களாக்கா?” என்று கேட்டாள். வேலைக்குப் போவேன் என்றேன். அந்த முகம் விழுந்ததைப் பார்த்திருந்தால் கல்லுக்கும் மனசு கரைந்திருக்கும்.

மேலே அவர்கள் வீட்டைப் போய்ப் பார்த்தேன். ஓர் அறை, ஓர் அடுப்பு, குளிக்க ஒரு மூலை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். அவன் இருட்டோடு போய் இருட்டோடு வருவான். வந்தால் தின்றுவிட்டுக் கட்டையாகச் சாய்வான். பஸ் ஓட்டுகிறவன் தூங்காமல் இருக்க முடியுமா, அவனைக் குறை சொல்லவும் இடமில்லை.

“பகல்ல என்னடி பண்றே?” என்று கேட்டேன்.

“வீட்டைப் பெருக்கினேன்கா. அப்புறம் மறுபடியும் பெருக்கினேன். அப்புறம் ஃபிரிட்ஜ் கொஞ்சம் சத்தம் போட்டுச்சு, அதுகூட கொஞ்ச நேரம் பேசினேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் அவள் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார், அம்மா அவரை விட்டு ஒரு நாளும் நகர முடியாது. இவள் ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொள்ளலாம் என்றால், யார் யாரைப் பார்ப்பது? தினமும் அம்மாவுக்குப் போன் போட்டு, நல்லா இருக்கேன், நல்லா சாப்பிடறேன், அவர் நல்லாப் பார்த்துக்கறார் என்று மூன்று நல்லாவைச் சொல்லிவிட்டு வைத்ததும் அழுவாள்.

ஒரு நாள் அவன் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனான். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு தெருமுனை நிறுத்தத்துக்கு ஓடினாள். பஸ் வந்தது. ஏறி, டப்பாவைக் கொடுத்து, “மூடி லூசா இருக்கு, சாச்சு வைக்காதீங்க” என்று சொல்வதற்குள் பின்னால் நின்றவர்கள் ஏறிவிட்டார்கள். கதவு மூடிக்கொண்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. ஒரு முழுச் சுற்று சுற்றி, ஏறின இடத்திலேயே வந்து இறங்கினாள். மறுநாள் அவன் டப்பாவை மறக்கவில்லை, அவளே எடுத்து ஒளித்துவைத்தாள். அதற்கடுத்த நாள் டப்பா, கிப்பா என்று எந்தச் சாக்கும் இல்லை. மாதப் பாஸ் வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் அவளுக்கு முன்சீட்டுக்காரி என்று பெயர் வைத்தேன்.

இந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. டிரைவரே எல்லாம். ஓட்டும்போது டிரைவரோடு யாரும் பேசக் கூடாது என்று அவன் தலைக்கு மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே நடப்பதை அவன் பார்க்க அகலமாக ஒரு கண்ணாடி. அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க ஒரு கேமரா. புருஷனும் பெண்டாட்டியும் குடும்பம் நடத்தியதெல்லாம் அந்தக் கண்ணாடியில்தான். அவள் தூங்கி விழுந்தால் அவன் தொண்டையைச் செருமுவான். பள்ளம் மேடு வருவதற்கு முன்னால் ஒரு செருமல், வயிற்றைப் பிடித்துக்கொள் என்று அர்த்தம். முப்பது வருஷக் குடித்தனத்தில் நான் காணாத அக்கறையை அந்தச் செருமலில் கண்டேன். என் வீட்டுக்காரர் செருமினால் காபி வேண்டும் என்று அர்த்தம்.

ஒரு லீவு நாளில் நானும் அவளோடு கடைசி நிறுத்தம் வரைக்கும் போனேன். அங்கே பஸ் கொஞ்ச நேரம் நிற்கும், எல்லாரும் இறங்கிவிடுவார்கள். அவனும் அவளும் பின்சீட்டுக்குப் போய், கேமரா பார்க்கிறதே என்று நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் டப்பாவை அந்த இடைவெளியில் வைத்தாள். அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டு எடுத்துச் சாப்பிட்டான். தாலி கட்டின பெண்டாட்டியோடு ஒருத்தன் கள்ளத்தனமாகச் சாப்பிடுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“இதுக்கு வீட்ல நிம்மதியா படுத்துக் கிடக்கலாம்ல?” என்று அவளிடம் கேட்டேன்.

“வீட்ல அவர் இல்லையேக்கா.”

இவ்வளவு சுற்றியும் அந்த ஊரில் அவளுக்கு ஒரு தெருகூடத் தெரியாது. கடைகள் எல்லாம் ஜன்னலில் வந்து ஜன்னலில் போய்விடும். ஒரு தடவை பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஓர் அம்மாள் இவள் வயிற்றைப் பார்த்து ஏதோ கேட்டாள். பாஷை புரியாமல் இவள் சிரித்தாள். அவள் மறுபடியும் கேட்டாள். இவள் மறுபடியும் சிரித்தாள். அந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். “லூசுன்னு நெனச்சிருப்பாங்கக்கா” என்று அன்றைக்கு என்னிடம் வந்து அழுதாள். ஒரு பஸ் நிறைய ஆட்கள், அத்தனை பேருக்கு நடுவிலும் அவள் தனியாகத்தான் இருந்தாள்.

ஏழாவது மாதத்தில் ஒரு புகார் போயிற்று. முன்சீட்டில் தினமும் ஒரு பெண் உட்காருகிறாள், டிரைவர் அவளையே பார்க்கிறான் என்று எவனோ வேலையில்லாதவன் சொல்லியிருக்கிறான். மேலதிகாரி கூப்பிட்டு, யார் அந்தப் பெண் என்று கேட்டாராம். இவன் பயந்துவிட்டான். வேலையில் இன்னும் நிரந்தரமாக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு டிரைவர் வயிற்றைக் கலக்குகிறது என்று நடுவழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினான். அவன் திரும்பி வருவதற்குள் புகார் போய், அந்த வாரமே வேலை போய், வேலையோடு விசாவும் போய், பெட்டியைக் கட்டிவிட்டான். அந்தக் கதை டிரைவர்கள் மத்தியில் அவ்வளவு பிரசித்தம். அந்தப் பயத்தில் இவன், “யாருன்னு தெரியாது சார், பாசஞ்சர்” என்று சொல்லியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து அதைப் பெரிய நகைச்சுவையாக அவளிடம் சொல்லிச் சிரித்தானாம். அவளும் சிரித்தாளாம். மறுநாள் என்னிடம் வந்தாள்.

“நான் பாசஞ்சராம்க்கா.”

“ஆம்பளைங்க பயத்துல ஆயிரம் சொல்லுவானுங்க. விடு.”

“தெரியும்க்கா. அவர் வேற என்ன சொல்ல முடியும்? சரியாத்தான் சொன்னார்.”

சரியாகத்தான் சொன்னார் என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. பிரசவத்தின்போது தனியாக மாட்டிக்கொள்வோம் என்கிற பயம். சாவுக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை. “வலிக்குதுன்னு எந்த பாஷையிலக்கா சொல்றது?” என்று கேட்பாள். “வலிக்கு பாஷை எதுக்குடி? கத்து, புரிஞ்சுக்குவாங்க” என்பேன். அது அவளுக்குப் போதவில்லை. இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள்ளேயே புருஷனை விடுவார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவனை நச்சரித்து, கையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாள், கூடவே இருப்பேன் என்று. அவனும் ஆஸ்பத்திரியில் சொன்ன தேதியை ஒட்டி லீவுக்கு எழுதிக் கொடுத்து வாங்கி வைத்திருந்தான். “அவர் கையைப் பிடிச்சுக்கிட்டா எனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா” என்று எனக்கே தைரியம் சொல்வாள். என் பிரசவத்திலும் என் வீட்டுக்காரர் கூடவேதான் இருந்தார். கூடவே இருந்து வராந்தாவில் குறட்டை விட்டார். அதை அவளிடம் சொல்லவில்லை. சின்னஞ்சிறுசு, ஆசையைக் கெடுப்பானேன்?

லீவு தொடங்க இன்னும் பத்து நாள் இருந்தது. பிள்ளைக்கு நம் லீவுக் கணக்கு தெரியுமா?

அன்றைக்கு எனக்கு மத்தியான ஷிப்ட். பஸ்ஸில் ஏறினேன். நிற்க இடமில்லாத கூட்டம். முன்சீட்டுக்காரி வழக்கம்போல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நெருக்கிக்கொண்டு போய் நின்றேன். முன்கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. நெற்றியில் வேர்வை. கண் மட்டும் நேராகக் கண்ணாடியைப் பார்க்கிறது, முகத்தில் ஒரு சிரிப்பு. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், சிரித்த முகம் மாறாமல் மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, விட்டு விட்டு வலிக்குது.”

“எப்பலேருந்துடி?”

“காலைலேருந்து.”

“அடிப்பாவி! அவன்கிட்ட சொன்னியா?”

“மூச். பேசாம இருங்க. கண்ணாடில பார்ப்பார்.”

சொல்லித் தொலையேன், அவன் பஸ்ஸை ஓரங்கட்டட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் தலையை ஆட்டவில்லை, கண்ணாடியில் தெரிந்துவிடுமே. உதட்டை மட்டும் அசைத்தாள்.

“சொன்னா நிறுத்திடுவார்க்கா. நிறுத்தினா எல்லாம் போச்சு. ஆஸ்பத்திரி வழியிலதானே வருது. நான் பாட்டுக்கு இறங்கிக்கறேன்.”

பஸ் பாலத்தில் மாட்டிக்கொண்டது. முன்னால் ஏதோ வண்டி நின்றுவிட்டது. வலி வரும்போதெல்லாம் அவள் சிரிப்பு அகலமாயிற்று, அவள் கால் மட்டும் தரையை அழுத்தியது. நான் கும்பிடாத சாமி இல்லை. அவன் ஒரு தடவை செருமினான். அங்கே பள்ளமும் இல்லை மேடும் இல்லை, பஸ் நகரவே இல்லை. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. எல்லாரும் நடுக்கதவு வழியாக இறங்க வேண்டும். அவள் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

“ஏங்க, இன்னைக்கு செக்கப் இருக்கு. அக்காகூட போயிட்டு வந்துடறேன்.”

அவன் அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வெளியே ஏறக் காத்திருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

“சரி. பாத்துப் போ” என்றான்.

முன்கதவாலேயே இறங்கினோம். ஆட்கள் ஏறினார்கள், கதவு மூடியது, பஸ் போயிற்று. அது திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அவள் நேராக நின்றாள். மறைந்ததும் என் தோளில் அப்படியே தொங்கிவிட்டாள்.

உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தேன். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கட்டடத்தில் பின்வாசல் வழியாகவே போய்வந்தவள், அன்றைக்குத்தான் முன்வாசலில் நுழைந்தேன். என் பிரிவுக்குப் போன் போட்டு, இன்றைக்கு நான் இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார்கள். “என் தங்கச்சிக்குப் பிரசவம்” என்று சொன்னேன். பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நர்ஸ் கேட்டதை நான் அவளுக்குச் சொல்ல, அவள் சொன்னதை நர்ஸுக்குச் சொல்ல, இப்படியே போயிற்று. கத்துடி, கத்தினால் வலி குறையும் என்றேன். கத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டதெல்லாம் வேறு.

“இப்ப பஸ் எங்கக்கா இருக்கும்?”

“எனக்கு எப்படிடி தெரியும்?”

“மார்க்கெட் தாண்டியிருக்கும். இப்ப பள்ளிக்கூடப் பசங்க ஏறுவாங்க. அதுங்க ரொம்ப சத்தம் போடுங்க, அவருக்குத் தலைவலி வரும்.”

வலி ஒன்று வந்து போகும். கண்ணைத் திறந்ததும், “இப்ப ஸ்டேஷன்” என்பாள். இன்னொன்று வந்து போகும். “கடைசி ஸ்டாப் வந்திருக்கும். சாப்பாடு நான்தானே வெச்சிருக்கேன், சாப்பிடுவாரா?” அந்த வழித்தடத்தில் ஒரு நிறுத்தத்தைக்கூட அவள் விடவில்லை. தன் வயிற்றில் ஒரு பிள்ளை இறங்கிக்கொண்டிருக்கிறது, இவள் அவன் பஸ்ஸோடு போய்க்கொண்டிருக்கிறாள். எனக்கு அழுகையாக வந்தது.

அவன் திரும்பி வருகிற நேரத்துக்கு நர்ஸிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். இந்தப் பைத்தியக்காரி சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன், ஒருத்தன் தன் பெண்டாட்டி பிரசவ வலியில் இருப்பது தெரியாமல் பஸ் ஓட்டுவதாவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனேன். பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கேட்டான்.

“எப்படிக்கா இருக்கா? ரொம்ப வலிக்குதாமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “செக்கப்தானே...” என்று இழுத்தேன்.

“செக்கப் அடுத்த வாரம்தான்க்கா. அட்டையில தேதி பார்த்தேன், அவளுக்கு அது தெரியாது.”

“அப்ப உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா ஏம்ப்பா போனே?”

“போகச் சொல்லித்தானே அவ அப்படிச் சொன்னா? ஆபீஸ்ல கேட்டுட்டேன். மாத்து ஆள் வர்ற வரைக்கும் ஓட்டுன்னுட்டாங்க. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்கக்கா. தெரிஞ்சா, நான் இங்க தவிக்கிறேனேன்னு அவ தவிப்பா.”

அவன் கண் சிவந்திருந்தது. பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். கதவு மூடிக்கொண்டது.

மேலே ஓடினேன். முதல் கேள்வியே, “பஸ் வந்துச்சாக்கா? அவருக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?”

“தெரியாதுடி” என்றேன். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்னை ஊமையாக்கிவிட்டார்களே என்று ஆத்திரம் எனக்கு. பிறந்ததிலிருந்து நான் இவ்வளவு நேரம் ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்திருந்ததில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. கடைசியில் மட்டும் ஒரு தடவை கத்தினாள். அம்மா என்று கத்தவில்லை. “ஏங்க” என்று கத்தினாள். அந்த அறையில் அது யாரைக் கூப்பிடுகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் என் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகக் கொடுத்தேன். என் கை அவன் கை ஆகுமா?

குழந்தையைத் துடைத்து, நாங்கள் மடித்து அனுப்புகிற வெள்ளைத் துண்டில் சுற்றி அவள் மேல் வைத்தார்கள். கறுப்பாக, தலை நிறைய முடியோடு, யாரோ எழுப்பிவிட்ட கோபத்தில் இருந்தது. அவள் அதன் நெற்றியை முகர்ந்துவிட்டு, “இப்ப பஸ்...” என்று ஆரம்பித்தாள். அப்போதுதான் அவன் வந்தான். மாற்று ஆள் கடைசி நிறுத்தத்தில் வந்து சேர்ந்ததும் பஸ்ஸை ஒப்படைத்துவிட்டு ஒரு டாக்சியைப் பிடித்து வந்திருக்கிறான். சீருடை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஐயோ, உங்களுக்கு யாரு சொன்னா?” என்றாள்.

“ஆபீஸ்ல... ஆபீஸ்ல சொன்னாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. நீ செக்கப்னுதானே சொன்ன?”

தெருக்கூத்தில்கூட எவனும் அவ்வளவு மோசமாக நடித்திருக்க மாட்டான். அவளோ நம்பிவிட்டாள்.

“நான்தான் சொல்லலை. சொன்னா பஸ்ஸை அப்படியே விட்டுட்டு என்கூட இறங்கியிருப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்களை? அதான் அக்காவையும் பேசக் கூடாதுன்னுட்டேன்.”

அந்த முகத்தில் எவ்வளவு பெருமை! புருஷனையும் வேலையையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டாளாம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். குழந்தையைத் தொடக்கூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை மாதமும் கண்ணாடியில் பார்த்துக் கண்ணாடியிலேயே சிரித்துக் கொண்டது போதாதா, இப்போது நேருக்கு நேர் நின்றுமா ஒளிந்து விளையாட வேண்டும்?

“போதும்ப்பா உங்க நாடகம்” என்றேன். “அவனுக்கு எல்லாம் தெரியும்டி. நீ பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரியும். உன் செக்கப் அடுத்த வாரம்தானாம்ல? நீ தவிப்பேன்னு அவன் சொல்லலை, அவன் தவிப்பான்னு நீ சொல்லலை. நடுவுல நான் ஒருத்தி செத்தேன்.”

இரண்டு பேரும் சிரிப்பார்கள், அப்புறம் கட்டிக்கொண்டு அழுவார்கள், நான் வெளியே போய் ஒரு டீ குடிக்கலாம் என்று நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“தெரிஞ்சுமா போனீங்க?”

“நீதானே போகச் சொன்ன?” என்றான்.

“நான் சொல்லுவேன்” என்றாள் அவள். “நான் அப்படித்தான் சொல்லுவேன்.”

அவ்வளவுதான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். குழந்தை அவள் கைக்குள் இருந்தது. அவன் கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தான். அங்கே இருந்த ஒரே நாற்காலியில் என் பை இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, “உக்காருப்பா” என்றேன். உட்காரலாமா என்று கேட்கிற மாதிரி அவளைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. நான் வெளியே வந்தேன்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். இன்னொரு தடவை அப்படி நடந்தாலும் நான் சொல்லத்தான் சொல்வேன். பெண்டாட்டி பிள்ளை பெறுகிற நேரத்தில் அவளை ஒரு பொய்யோடு தனியாக விட்டுவிட்டு, அந்தப் பொய்யையே அவளுக்குப் பரிசாகக் கொடுப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நிறுத்தாதே என்றுதான் அவள் பொய் சொன்னாள், அது நிஜம். நிறுத்திவிட மாட்டானா என்று அந்தத் திருப்பம் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாளே, அதுவும் நிஜம்.

அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. மேலே சத்தம் கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் வேலை நிரந்தரமாயிற்று. இரண்டு அறை உள்ள வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தை என் வீட்டுக்காரர் மடியில் மட்டும் தூங்குகிறது, அவர் குறட்டை அதற்குப் பிடித்திருக்கிறது போலிருக்கிறது. அவள் இந்த ஊர் பாஷை கற்றுக்கொள்கிற வகுப்புக்குக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போகிறாள். நல்ல தூரம். மழையாக இருந்தாலும் நடந்துதான் போகிறாள். பஸ் பக்கத்தில் வந்தால் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டுவாள். ஏற மாட்டாள். ஏன் என்று நான் கேட்டேன். “நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொன்னாங்கக்கா” என்றாள். எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் வேலைக்குப் போக பஸ்ஸில் ஏறினேன். எனக்குப் பின்னால் ஏற ஆள் யாரும் இல்லை. கதவை மூடாமல் அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான்.

“அக்கா, அன்னைக்கு நான் நிறுத்தியிருந்தா வேலை போயிருக்கும்ல?”

“போயிருக்கும்ப்பா.”

“அப்ப நான் செஞ்சது சரிதானே?”

“சரிதான்” என்றேன்.

அவன் கதவை மூடிவிட்டு வண்டியை எடுத்தான். அடுத்த நிறுத்தம் வந்து கதவு திறந்ததும், நான் அதற்குள் வேறு பதில் யோசித்து வைத்திருப்பேன் என்கிற மாதிரி மறுபடியும் என்னைத் திரும்பிப் பார்த்தான்.